பூனை மணல்: பையில் எழுதியிருப்பதும் தட்டில் நடப்பதும்

பூனை மலஜலம் கழிக்கத் தட்டில் கொட்டும் கேட் லிட்டரின் பைகளை வரிசையாக எடுத்துப் படித்தால் நாலே வாக்குறுதிகள்தான் திரும்பத் திரும்ப வரும். நாற்றம் இருக்காது, தூசி பறக்காது, கல் மாதிரி கட்டிப்படும், டாய்லெட்டிலேயே போட்டு ஃப்ளஷ் செய்யலாம். இவற்றில் காசு கொடுக்கத் தகுந்தது மூன்றாவது ஒன்றுதான் என்பது இந்த மதிப்புரையின் கட்சி. தூசியைப் பையைப் பிரித்த நிமிடத்திலேயே கண்ணால் பார்த்துவிடலாம். மற்ற இரண்டும் விளம்பரம். ஈரம் எவ்வளவு சீக்கிரம் பிடிபடுகிறது, பிடிபட்டதை மிச்சம் வைக்காமல் அள்ளி எடுக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். நாற்றம் முதல் மாதச் செலவு வரை எல்லாம் அதைப் பொறுத்ததே.

இங்கே எடுத்துக்கொண்டவை ஐந்து வகை: பென்டோனைட் களிமண், சிலிகா ஜெல், டோஃபு (சோயா சக்கையில் செய்தது), மரத்தூள் பெல்லட், காகித உருண்டை. பிராண்டுகளை வரிசைப்படுத்தவில்லை. ஒரே பிராண்டில்கூடக் களிமண் வரும் இடம் மாறினால் சரக்கின் தரம் மாறிவிடும். அதனால் எந்தப் பையையும் வீட்டில் சோதிக்கும் முறையைக் கொடுத்திருக்கிறோம்.

லிட்டர் என்று எழுதினால் அளவையோடு குழம்பும் என்பதால் கீழே எல்லா இடத்திலும் மணல் என்றே சொல்கிறோம். இந்தக் குழப்பம் வாங்கும்போதும் உண்டு. பென்டோனைட்டைக் கிலோவில் விற்பார்கள். சிலிகாவையும் டோஃபுவையும் பல பைகளில் கன அளவில் போட்டிருப்பார்கள். ஒரு கிலோ பென்டோனைட் தட்டில் 1 லிட்டரோ அதற்குச் சற்று மேலோ இடத்தை நிரப்பும். அதே எடையுள்ள சிலிகாவும் டோஃபுவும் ஏறக்குறைய அதன் இரு மடங்கு இடத்தை நிரப்பும். எடையை மட்டும் வைத்து விலையை ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

உப்புத் தண்ணீர் சோதனை

இது கட்டிப்படும் மணல்களுக்கான சோதனை. வெறும் தண்ணீரில் சோதித்தால் மட்டமான மணல்கூட நன்றாகத்தான் கட்டிப்படும். மூத்திரத்தில் உப்பு உண்டு. உப்பு இருந்தால் களிமண் குறைவாகவே உப்பும். அதனால் 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் 7 செ.மீ. உயரத்துக்கு மணலைக் கொட்டி, தட்டாமல் சமப்படுத்துங்கள். 30 மில்லி உப்புத் தண்ணீரை ஒரே இடத்தில், ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பதினைந்து நிமிடம் தொடாதீர்கள்.

பிறகு ஸ்கூப்பை அடியில் நுழைத்து மெல்லத் தூக்குங்கள். நல்ல மணலில் கட்டி கவிழ்த்த கிண்ணம்போல் மேலாகவே நின்றிருக்கும். அதற்குக் கீழே குறைந்தது 2 செ.மீ. உலர்ந்த மணல் இருக்கும். கட்டி நீண்டு ஒடுங்கி டப்பாவின் அடியைத் தொட்டிருந்தால் அது மெதுவாகப் பிடிக்கும் மணல். பருமனான மணிகளுக்கு இடையே ஈரம் வழிந்து இறங்கிவிட்டது என்று பொருள். பூனை பயன்படுத்தும் தட்டில் இதுதான் அடியில் சேறாக ஒட்டும். சுரண்டி எடுக்கும்போது உடையும். உடைந்த துணுக்குகள் நல்ல மணலோடு கலந்து மூன்றாம் நாள் நாறும்.

கட்டியை முழங்கால் உயரத்திலிருந்து ஒரு காகிதத்தின்மேல் போடுங்கள். இரண்டாக உடைந்தால் பரவாயில்லை. பொடிப்பொடியாகச் சிதறினால் அந்தப் பை வேண்டாம். ஒரு கட்டியை மறுநாள்வரை அப்படியே விட்டு மறுபடியும் தூக்கிப் பாருங்கள். ஈரத்தில் கெட்டியாக இருந்து காய்ந்ததும் உதிரும் மணல்கள் உண்டு. தினமும் அள்ள முடியாதவர்களுக்கு இவை சரிப்படாது.

தூசிக்குச் சோதனை சுலபம். கறுப்புத் துணியை விரித்து அரையடி உயரத்திலிருந்து ஒரு டம்ளர் மணலை ஊற்றுங்கள். பையின் மேல்பகுதியிலிருந்து எடுக்காமல் அடியிலிருந்து எடுங்கள். வண்டியில் குலுங்கி வரும்போது தூசி எல்லாம் அடியில்தான் சேரும்.

பென்டோனைட்

பூனை வளர்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் பொருந்தும்: வாசனை சேர்க்காத, மணி சிறிய, சோடியம் பென்டோனைட். இதன் கனிமம் அடுக்கடுக்கான தகடுகளால் ஆனது. தகடுகளுக்கு நடுவே இருக்கும் சோடியம் தண்ணீரை உள்ளே இழுக்கும், தகடுகள் விலகும், மணி உப்பிப் பக்கத்து மணியோடு பசைபோல் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான தண்ணீரில் இது தன் கன அளவைப்போல் பத்து மடங்குக்கு மேலும் உப்பக்கூடியது. கால்சியம் பென்டோனைட் அவ்வளவு உப்பாது. அதைச் சோடா சாம்பல் சேர்த்துச் சோடியம் வகையாக மாற்றி விற்பதும் உண்டு. அந்த வேலை அரைகுறையாக நடந்த சரக்குதான் உப்புத் தண்ணீர் சோதனையில் தோற்கும். பையில் பென்டோனைட் என்று மட்டும் போட்டிருந்தால் எந்த வகை என்று தெரியாது.

கட்டிப்படுவது இந்தத் தொழிலில் பிறகு வந்த விஷயம். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர், தொழிற்சாலைத் தரையில் சிந்திய எண்ணெயை உறிஞ்ச விற்றுவந்த ஃபுல்லர் மண்ணைப் பூனைத் தட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார். பையில் கிட்டி லிட்டர் என்று எழுதினார். அந்தப் பெயர் பொதுப்பெயராகவே நிலைத்துவிட்டது. அந்த மண் உறிஞ்சும், ஆனால் கட்டிப்படாது. ஈரத்தைத் தனியே எடுக்க வழியில்லாததால் தட்டு முழுவதையும் அடிக்கடி கொட்டியாக வேண்டும். கட்டிப்படும் பென்டோனைட் 1980களில்தான் வந்தது. பழைய வகை இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. மலிவு என்று எடுத்தால் வாரம் ஒருமுறை முழுத் தட்டையும் மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மணியின் அளவில் ஒரு பேரம் இருக்கிறது. பொடி மணி சீக்கிரம் பிடிக்கும், பூனைகளுக்கும் பிடிக்கும். விருப்பச் சோதனைகளில் பெரும்பாலான பூனைகள் பொடியான, கட்டிப்படும் களிமண்ணையே தேர்ந்தெடுத்திருக்கின்றன. ஆனால் விரல்களுக்கு இடையே சிக்கி வீடு முழுக்கப் பரவும். நீள்முடிப் பூனை என்றால் இன்னும் மோசம். பருமனான மணி பரவாது, ஆனால் ஈரம் அடிவரை இறங்கும். 1 முதல் 2 மி.மீ. மணி இரண்டுக்கும் நடுவாக ஒத்துவரும். பரவுவதற்கு மருந்து மணலை மாற்றுவது அல்ல. தட்டுக்கு முன்னால் பூனை இரண்டு மூன்று அடி வைத்து நடக்கும் அளவுக்கு நீளமான, துளையுள்ள மிதியடி.

தட்டில் 7 செ.மீ. வரை போடுங்கள். கட்டி அடியில் ஒட்டுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி மணலின் குற்றமே அல்ல, 3 செ.மீ. மட்டும் போட்டு மிச்சம் பிடிப்பதுதான் காரணம். மிச்சம் பிடித்ததைவிட அதிக மணல், சேறாகிச் சுரண்டலோடு வெளியே போகும். ஈரமான கட்டியை உடனே அள்ளாதீர்கள், கால் மணி நேரமாவது இறுகட்டும். அள்ளிய அளவுக்குப் புது மணலைச் சேர்த்துவந்தால் முழுத் தட்டையும் மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

இந்த வகையை முதலிடத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, பையில் யாரும் அதை எழுதுவதில்லை. கட்டியைக் கொண்டு பூனையின் சிறுநீரை அளக்கலாம். 4 கிலோ எடையுள்ள நலமான பூனை நாளுக்கு ஏறக்குறைய 80 முதல் 160 மில்லி கழிக்கும். தட்டில் அது இரண்டு முதல் நாலு கட்டி. கட்டிகள் சில வாரங்களாகப் பெரிதாகிக்கொண்டே போனால் சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருக்கலாம், ரத்தப் பரிசோதனை தேவை. கோலிக்குண்டு அளவில் பல சின்னக் கட்டிகள் என்றால் எரிச்சலோ கல்லோ இருக்கலாம். ஆண் பூனை தட்டில் ஏறி முக்கிவிட்டுக் கட்டியே இல்லாமல் இறங்கினால் சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கக்கூடும். அது மறுநாள்வரை காத்திருக்கும் விஷயம் அல்ல. அன்றே, இரவானாலும், மருத்துவரிடம் போக வேண்டும். கட்டிப்படாத மணலில் இந்தக் கணக்கெல்லாம் கையில் இருக்காது.

குறைகளும் சொல்ல வேண்டும். எடை அதிகம், மாடிப்படி ஏறுபவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. சுரங்கத்தில் வெட்டி எடுப்பது, மக்காது. வடிகாலில் போனால் குழாய்க்குள் உப்பி அடைக்கும்; தட்டைக் கழுவும் முன் ஒட்டியதைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும். குட்டிகள் எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதில், அதாவது ஏறக்குறைய நாலு மாதம்வரை, கட்டிப்படும் மணல் வேண்டாம். வயிற்றுக்குள் போனாலும் அது உப்பத்தான் செய்யும். வளர்ந்த பூனை மணலைத் தின்றால் அதுவே ஒரு நோய்க்குறி; ரத்தசோகை உள்ள பூனைகள் மண் தின்பது உண்டு.

வாசனையும் கரியும்

இப்போது கழித்த மூத்திரத்தில் அம்மோனியா நெடி கிடையாது. அதில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போதுதான் நெடி எழும்பும், அதற்கு நேரம் ஆகும். ஆகவே நாளுக்கு இரண்டு முறை அள்ளும் வீட்டில் வாசனைத் தூளுக்கு வேலை இல்லை. அள்ளாத வீட்டில் லாவெண்டரும் அம்மோனியாவும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் வரும். மூக்கு தட்டுக்கு அரையடி தூரத்தில் இருக்கும் பூனைக்கு அது எப்படியிருக்கும் என்று யோசித்தால், வாசனை மணலுக்கு மாற்றிய வாரத்தில் அது சோஃபாவுக்குப் பின்னால் போவதற்குக் காரணம் புரியும்.

கரித்தூள் கலந்தது தேவலாம், தீங்கில்லை, ஆனால் கறுப்புத் தூசி படியும். சமையல் சோடாவைத் தட்டின் அடியில் மெல்லத் தூவுவதும் ஓரளவு உதவும். கருத்தடை செய்யாத ஆண் பூனையின் நாற்றத்துக்கு மட்டும் எந்த மணலிலும் பதில் கிடையாது. அது ஃபெலினின் என்ற பொருளிலிருந்து பிரியும் கந்தகச் சேர்மங்களின் நெடி. அறுவை சிகிச்சைதான் வழி.

சிலிகா ஜெல்

புதுக் காலணிப் பெட்டியில் சின்னப் பொட்டலமாக வரும் அதே பொருள்தான், அரிசி அளவுத் துண்டுகளாக. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள். எடையில் 40 சதவீதம்வரை ஈரத்தைப் பிடிக்கும். இலேசானது, தூசி குறைவு. மலத்தை மட்டும் தினமும் எடுத்துவிட்டு மீதியைக் கிளறிவிட்டால் போதும். பயணத்துக்கும், கனம் தூக்க முடியாத வயதானவர்களுக்கும், சில நாள் யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகும்போதும் இதைவிட வசதியானது இல்லை.

ஒரு பூனைக்கு ஒரு மாதம் என்று பையில் இருப்பதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். காற்றிலேயே ஈரம் மிகுந்த இடத்தில் பையைத் திறந்த நாளிலிருந்தே துளைகள் நிரம்பத் தொடங்கிவிடும். பூனைக்கென்று மிஞ்சும் இடம் குறையும். கிளறாமல் விட்டால் பூனை வழக்கமாகப் போகும் மூலை மட்டும் மஞ்சளாகி நிரம்பி, மீதத் தட்டு வெள்ளையாக இருக்கும். நிரம்பியது தெரிய வருவது ஒரே நாளில்: நேற்றுவரை ஒன்றுமில்லை, இன்று அறையே நாறும். அப்போது மேலே புதிதாகத் தூவிப் பயனில்லை, முழுவதையும் கொட்டியாக வேண்டும்.

கால் வைத்தால் நறநறவென்று சத்தம் வரும், சில பூனைகள் அதற்காகவே ஏற மறுக்கும். உருண்டை மணிகளைவிடக் கூர்மழுங்கிய துண்டுகள் பரவாயில்லை. உருண்டைகள் தரையில் ஓடி மனிதர் காலுக்கு ஆபத்து. சிறுநீரின் அமில காரத் தன்மைக்கேற்ப நிறம் மாறும் சிலிகாவும் கிடைக்கிறது. நிறம் மாறினால் மருத்துவரைப் பார்க்கலாம். மாறவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது.

டோஃபு

சோயா பால் பிழிந்த சக்கையோடு மாவுச்சத்தும் பசையும் சேர்த்துச் சேமியாபோல் பிழிந்து நறுக்கியது. நுகர்ந்தால் மாவு வாசனை வரும். தூசி மிகக் குறைவு, துண்டுகள் நீளமாக இருப்பதால் காலில் ஒட்டிப் போகாது. ஆஸ்துமா உள்ள பூனைக்கோ மனிதருக்கோ களிமண்ணுக்கு மாற்றாக முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். துண்டு 2 மி.மீ. தடிமனுக்கு மேல் போனால் ஈரம் இடையில் வழிந்துவிடும், மெல்லியதாகத் தேர்ந்தெடுங்கள். கட்டி பென்டோனைட் அளவுக்கு இறுகாது. பதினைந்து நிமிடத்துக்குப் பதில் அரை மணி விட்டால் உடையாமல் வரும்.

உணவுப் பொருளால் செய்தது என்பதே இதன் பலவீனமும்கூட. ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும், வண்டு வரும். பையைத் திறந்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். தட்டில் போட்டதை இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். புளித்த வாடை வந்தால் அன்றே கொட்டிவிடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் தட்டையே தின்னப் பார்க்கும்.

ஃப்ளஷ் விஷயத்துக்கு வருவோம். டோஃபு தண்ணீரில் கரைவது உண்மை, குழாய் அடைக்காமலும் போகலாம். சிக்கல் குழாயில் இல்லை. பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கக்கூடும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அவற்றை முழுமையாகக் கொல்வதில்லை. கலிபோர்னியக் கடற்கரையில் கடல் நீர்நாய்கள் இந்த ஒட்டுண்ணியால் இறந்திருக்கின்றன. பூனைக் கழிவை டாய்லெட்டில் போடவேண்டாம் என்று மணல் பைகளில் அச்சிட அந்த மாநிலம் 2006இல் சட்டமே போட்டது. ஆகவே மலம் குப்பைக்குத்தான். இன்னொரு எச்சரிக்கை: கலப்பு டோஃபு என்ற பெயரில் பென்டோனைட் கலந்ததும் விற்கிறது. அதைக் குழாயில் விட்டால் களிமண்ணைக் கொட்டியதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இதே ஒட்டுண்ணியின் முட்டைகள் வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தொற்றும் நிலைக்கு வரும். தினமும் அள்ளச் சொல்வதற்கு நாற்றத்தைவிடப் பெரிய காரணம் இது. கர்ப்பிணிகள் அள்ளும் வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நல்லது. முடியாதென்றால் கையுறை, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவல்.

தாவர மணல் என்றால் எல்லா வேலைக்கும் சாது என்று எண்ணிவிடக் கூடாது. அணுக்கழிவுப் பீப்பாய்களில் ஈரத்தை உறிஞ்சப் பூனை மணல் போடுவது வழக்கம். ஒரு பீப்பாயில் களிமண்ணுக்குப் பதில் கோதுமையால் செய்த மணலைப் போட்டுவிட்டார்கள். உள்ளே இருந்த நைட்ரேட் உப்புகளோடு அது வினைபுரிந்து சூடேறி, 2014 பிப்ரவரியில் நியூ மெக்சிகோவின் நிலத்தடிக் கிடங்கில் பீப்பாய் வெடித்தது. கிடங்கு மறுபடி திறக்க ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பிடித்தன. வீட்டுத் தட்டில் அப்படி ஒன்றும் ஆகாது. ஆனாலும் ப்ளீச் போன்றவற்றை எந்த மணலிலும் ஊற்ற வேண்டாம். மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்தால் நுரையீரலை அரிக்கும் குளோரமின் வாயு எழும்பும். தட்டுக்குச் சோப்பும் வெந்நீரும் போதும்.

மர பெல்லட், காகிதம்

மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் ஈரம் பட்டால் கட்டிப்படாது, உப்பி உதிர்ந்து தூளாகும். ஆகவே இதற்கு அடியில் இரண்டாவது தட்டும் நடுவில் சல்லடையும் உள்ள தட்டு தேவை. குலுக்கினால் தூள் கீழே விழும், நல்லது மேலே நிற்கும். சாதாரணத் தட்டில் போட்டுவிட்டு மர மணல் சரியில்லை என்பவர்கள் பலர். 3 செ.மீ. போட்டால் போதும், அது தானே உப்பும். செலவு குறைவு, மர வாசனை இயற்கையாக நெடியை அடக்கும், கீழே சேரும் தூளில் மலம் கலக்காமல் பார்த்துக்கொண்டால் பூச்செடிகளுக்கு மக்க வைக்கலாம். காய்கறிச் செடிக்கு வேண்டாம். சூளையில் உலர்த்திய மரமா என்று மட்டும் பாருங்கள்.

காகித உருண்டை அன்றாடத்துக்கு மந்தம், ஈரமானால் கூழாகும். ஆனால் கருத்தடை அறுவைக்குப் பிந்தைய பத்து நாட்களுக்கு, தையலில் ஒட்டாது என்பதால், இதுவே சரி.

மாற்றும்போது

மணலைப் பற்றிய கெட்ட மதிப்புரைகளில் பாதி தட்டைப் பற்றியவை. பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதுபோல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள தட்டு வேண்டும். பூனை எத்தனையோ அதைவிட ஒரு தட்டு கூடுதலாக. மூடியுள்ள தட்டு மனிதர் கண்ணுக்கு அழகு, நெடி உள்ளேயே அடைபடும். பிளாஸ்டிக் கீறல்களில் நாற்றம் தங்கும், வருடத்துக்கு ஒருமுறை தட்டையே மாற்றினால் புது மணலின் மேல் பழி விழாது.

வகை மாற்ற வேண்டுமென்றால் பழையதை ஒரே நாளில் கொட்டாதீர்கள். பழையதில் கால் பங்கு புதிதைக் கலந்து மூன்று நாள், அரைக்கு அரை மூன்று நாள், முக்கால் பங்கு மூன்று நாள். களிமண்ணிலிருந்து சிலிகாவுக்கோ மரத்துக்கோ போகும்போது மட்டும் கலப்பு வேண்டாம், கட்டிப்படுவதும் கெடும், சல்லடையும் அடைக்கும். இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூனையையே தேர்ந்தெடுக்க விடுங்கள். இரண்டு வாரத்தில் புதுத் தட்டில் கால் வைக்கவில்லை என்றாலோ, ஓரத்தில் நின்று மூடாமல் ஓடி வந்தாலோ பழையதற்கே திரும்பிவிடுங்கள். முதல்முறை வாங்கும்போது ஆகச் சின்னப் பையாக எடுப்பது இதற்காகத்தான்.